ஐயப்படுவது பாவமா?



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, "சாமி, விசுவாசத்துல சந்தேகம் வந்தா அது பாவமுங்களா?" என்று கேட்டாள். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். வகுப்பு எடுத்த ஆசிரியை அவளை உட்காரச் சொன்னார். நாம் அவளை நிற்கச் சொல்லிப் பதில் சொன்னோம். ஆனால் அன்று சொன்ன பதில் நமக்கே நிறைவாக இல்லை. அவசரத்தில் சொன்ன பதில் அது. அதைச் சரிசெய்யும் முயற்சியே இச்சிந்தனை.

நாம் பணியாற்றும் நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்ற பங்குகளில் இருப்போருக்காகச் சொல்கிறோம். ஏலத்துக்கு வரும் வியாபாரி, மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். மேலே எவ்வளவு மெருகு இருந்தாலும் உள்நிறத்தைப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். காரணம் இருக்கிறது. ஈயக் குரோமேட் என்னும் நச்சுப்பொருளை மேலே ஏற்றி மஞ்சளுக்குப் பொய் நிறம் காட்டும் மோசடி நம் நாட்டிலும் வங்காளதேசத்திலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஒடித்துப் பார்ப்பதால் எந்த விவசாயியும், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொள்வதில்லை. நல்ல மஞ்சள் கொண்டுவந்தவர், "ஒடிச்சுப் பாருங்க" என்று தாமே எடுத்துக் கொடுப்பார்.

ஆலயத்துக்குள் வரும்போது மட்டும் நாம் ஏன் ஒடித்துப் பார்ப்பவரைக் கண்டு பயப்படுகிறோம்?

தோமா ஒருவர் மட்டுமா?

'சந்தேகத் தோமா' என்று சொல்லிச் சொல்லி அந்தத் திருத்தூதருக்கு ஒரு பட்டமே கட்டிவிட்டோம். நற்செய்தியைப் பொறுமையாக வாசித்தால் வேறொரு தோமா தெரிகிறார். யூதேயாவுக்குத் திரும்பிப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றச் சீடர்கள் தயங்கியபோது, அவரோடு போய் நாமும் சாவோம் என்றவர் அவர்தான் (யோவா 11:16). இறுதி இராவுணவில், நீர் போகுமிடமே எங்களுக்குத் தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று வெளிப்படையாகக் கேட்டவரும் அவர்தான் (யோவா 14:5). அந்தக் கேள்விக்கு மறுமொழியாகத்தான் ஆண்டவர் தம்மையே வழியும் உண்மையும் வாழ்வுமாக வெளிப்படுத்தினார். தோமா வாய்மூடி இருந்திருந்தால்?

உயிர்ப்பை முதலில் ஐயப்பட்டவரும் அவர் அல்லர். கல்லறைக்குச் சென்று திரும்பிய பெண்கள் சொன்னதைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றலாக எண்ணினார்கள் என்று லூக்கா எழுதுகிறார் (24:11). கலிலேயா மலையில் உயிர்த்த ஆண்டவரைப் பணிந்த வேளையிலும் சிலர் ஐயுற்றதாக மத்தேயு மறைக்காமல் குறிப்பிடுகிறார் (28:17). மற்றவர்களுக்கு வந்த ஐயத்தைத் தோமா வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவே. ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டார் என்பது உண்மை; காணாமலே நம்புவோரைப் பேறுபெற்றோர் என்றார் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு முன் தம் காயங்களைக் காட்டி, விரலை இடச் சொன்னார். தோமா தொட்டாரா என்பதை நற்செய்தி சொல்லவில்லை. ஓவியர்கள்தான் தொடவைத்தார்கள். நற்செய்தி சொல்வது, அவர் இயேசுவை ஆண்டவரென்றும் கடவுளென்றும் அறிக்கையிட்டார் என்பதே. மற்றச் சீடர்களின் நம்பிக்கையைவிடத் தோமாவின் ஐயம் நமது விசுவாசத்துக்கு அதிகம் உதவியது என்று புனித பெரிய கிரகோரியார் தம் மறையுரையில் கூறினார். அவர் ஆறாம் நூற்றாண்டின் திருத்தந்தை. புதுமைவாதி என்று யாரும் சொல்ல முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2088) இரு வகை ஐயத்தைப் பிரித்துக் காட்டுகிறது. கடவுள் வெளிப்படுத்தியதை ஏற்கமாட்டேன் என்று மனமறிந்து ஒதுக்குவது ஒன்று. நம்ப விரும்பியும், எழும் கேள்விகளைத் தாண்ட முடியாமல் தடுமாறுவது மற்றொன்று. இரண்டாவதையும் வேண்டுமென்றே வளர்த்துக்கொண்டே போனால் ஆன்மீகக் குருட்டுத்தன்மைக்கு இட்டுச்செல்லலாம் என்று அந்நூல் எச்சரிக்கிறது. ஆனால் தடுமாறுகிறவரையும் மறுக்கிறவரையும் அது ஒரே பட்டியலில் சேர்ப்பதில்லை. அந்த மாணவிக்கு நாம் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

இதற்கும் வெளியே மூன்றாவது ஒன்று உண்டு. விசுவாச அறிக்கையைப் பற்றியது அல்ல அது. இந்தச் சுரூபம் கண்ணீர் விட்டது, அந்த ஊரில் குருடர் பார்வை பெற்றார் என்று வரும் செய்திகளை ஐயப்படுவது. இந்த ஐயம் பாவம் இல்லை என்பதோடு, நமக்குக் கடமையும்கூட. அனைத்தையும் சீர்தூக்கிப் பார்க்குமாறு பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதினார் (1 தெச 5:21). எல்லாத் தூண்டுதல்களையும் நம்பிவிடாமல் சோதித்தறியும்படி யோவானும் எழுதினார் (1 யோவா 4:1). பவுல் சொன்னது சரிதானா என்று நாள்தோறும் மறைநூலைப் புரட்டிப் பார்த்த பெரோயா மக்களைத் திருத்தூதர் பணிகள் நூல் பாராட்டுகிறது (17:11). திருத்தூதர் சொன்னதையே சரிபார்த்தவர்கள் அவர்கள்.

மும்பையில் நடந்தது

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடிக்கின்றன என்ற செய்தி ஒரே நாளில் நாடெங்கும் பரவியது நினைவிருக்கலாம். பரப்பு இழுவிசையே காரணம் என்று அறிவியலாளர்கள் விளக்கினார்கள். அன்று நம்மில் பலர் சிரித்தோம். பிற சமயத்தாரின் செய்தி என்றால் நமக்கு உடனே பகுத்தறிவு வந்துவிடுகிறது!

2012 மார்ச் மாதம் நம் வாசலுக்கே அது வந்தது. மும்பை வில்லே பார்லே பகுதியில் இர்லா என்ற இடத்தில் வேளாங்கண்ணி அன்னை ஆலயம் இருக்கிறது. அங்குள்ள சிலுவையில் ஆண்டவரின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் திரண்டார்கள், செபித்தார்கள், அந்த நீரைப் புனித நீராகச் சேகரித்துச் சென்றார்கள். தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் அழைப்பின் பேரில் சனல் எடமருகு என்ற பகுத்தறிவாளர் வந்து பார்த்தார். அருகில் இருந்த கழிவறையை ஒட்டி நீர் வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. தேங்கிய நீர் சுவரில் ஊறி, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மெல்ல மேலேறி, சிலுவையின் ஆணித்துளை வழியாகக் கசிந்திருக்கிறது. நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்ததுதான்.

இங்கே இரு தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மும்பை உயர்மறைமாவட்டம் அதைப் புதுமை என்று அறிவிக்கவில்லை. எடமருகு தொலைக்காட்சி விவாதத்தில், திருச்சபை பணத்துக்காகப் புதுமைகளை உருவாக்குகிறது என்ற வகையில் பேசினார். அது பலரைப் புண்படுத்தியது. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோரப்பட்டது, அவர் மறுத்தார். கத்தோலிக்க அமைப்புகளைச் சேர்ந்தோர் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-அ பிரிவு, அதாவது சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. (2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இது 299ஆம் பிரிவு.) அவர் அந்த ஆண்டிலேயே பின்லாந்துக்குச் சென்று தங்கிவிட்டார்.

எடமருகின் பேச்சு நமக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அடைபட்ட வழியைச் சுட்டிக்காட்டியவருக்கு நாம் நன்றி சொல்லியிருக்க வேண்டாமா? அசுத்தமான நீரைப் புனிதமென்று நினைத்துக் குடிக்கவிருந்த ஒரு தாயை, ஒரு குழந்தையை அவர் காப்பாற்றியிருக்கக்கூடும். அவர் சொன்ன கடுஞ்சொல்லுக்குப் பதில் சொல்வது வேறு. அவர் கண்டுபிடித்த உண்மைக்காக வழக்குப் போடுவது வேறு. இரண்டும் கலந்துபோனதில் உலகத்தின் கண்ணுக்குத் திருச்சபை உண்மைக்கு அஞ்சுவதாகத் தெரிந்தது. அதுதான் நமக்கு வருத்தம். ஏனென்றால் திருச்சபையின் உண்மையான வழக்கம் அதுவல்ல.

திருச்சபையே ஐயப்படுகிறது

புனிதர் பட்டத்துக்கான விசாரணையில், எதிர்வாதம் செய்வதற்கென்றே ஒருவரைத் திருச்சபை நியமித்து வந்தது. 1587இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் ஏற்பட்ட பணி இது. அதன் முறையான பெயர் 'விசுவாசத்தைப் பேணுபவர்' என்று பொருள்படும். மக்கள் வைத்த பெயரோ 'அலகையின் வழக்கறிஞர்'! புனிதர் என்று சொல்லப்படுபவரின் வாழ்க்கையிலும் புதுமைகளிலும் என்னென்ன ஓட்டைகள் உண்டோ அனைத்தையும் தோண்டி எடுப்பது அவர் வேலை. பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான லாம்பர்த்தினி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இப்பணியைச் செய்தவர். குணமடைதலைப் புதுமை என்று ஏற்க அவர் வகுத்த அளவுகோல்கள் கடுமையானவை: நோய் கொடியதாக இருக்க வேண்டும், தானே தணியும் நிலையில் இருந்திருக்கக் கூடாது, மருந்தால் குணமானதாக இருக்கக் கூடாது, சுகம் உடனே வர வேண்டும், முழுமையாக வர வேண்டும், நிலைத்திருக்க வேண்டும்.

1983இல் புனித இரண்டாம் யோவான் பவுல் இந்த நடைமுறையை மாற்றியமைத்தபோது அந்த எதிர்வழக்கறிஞரின் பங்கு குறைந்தது. எனினும் எதிர்ச்சாட்சிகளைக் கேட்கும் மரபு நிற்கவில்லை. அன்னை தெரேசாவின் விசாரணையில், அவரைக் கடுமையாக விமர்சித்துப் புத்தகம் எழுதிய நாத்திகர் கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸையே திருச்சபை அழைத்துச் சாட்சியம் கேட்டது. அவர் சொன்னது பதிவாயிற்று. அதன் பிறகே 2003இல் அருளாளர் பட்டமும், 2016இல் புனிதர் பட்டமும் வந்தன.

லூர்து நகரை எடுத்துக்கொள்வோம். 1883 முதல் அங்கே மருத்துவ ஆய்வகம் இயங்குகிறது. அங்கு வரும் மருத்துவர் எவரும், எந்தச் சமயத்தவராயினும், சமயமே இல்லாதவராயினும், ஆய்வில் கலந்துகொள்ளலாம். குணமடைந்ததாகப் பதிவானவை ஏழாயிரத்துக்கும் மேல். திருச்சபை புதுமை என்று ஏற்றவற்றில் 70ஆவது 2018இல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் ஓரிரண்டே சேர்ந்துள்ளன. நூற்றுக்கு ஒன்றுதான் தேறுகிறது. மீதிப் பேர் பொய் சொன்னார்கள் என்பதில்லை. அவர்கள் மகிழ்ச்சியோடு நன்றிப்பலி ஒப்புக்கொடுக்கட்டும். ஆனால் 'புதுமை' என்ற முத்திரையைத் திருச்சபை எளிதில் குத்துவதில்லை.

நம் தமிழ் மண்ணின் புனித தேவசகாயத்தின் விசாரணையும் இப்படித்தான் நடந்தது. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அவருக்கு 2012 டிசம்பர் 2இல் கோட்டாறில் அருளாளர் பட்டம் கிடைத்தது; 2022 மே 15இல் புனிதர் பட்டம். இடையில் 260 ஆண்டுகளுக்கும் மேல். மக்கள் அவரை முதல் நாளிலிருந்தே மறைசாட்சி என்று வணங்கினார்கள்; அதற்காகத் திருச்சபை அவசரப்படவில்லை.

இப்போது நடைமுறையில் உள்ள நெறிமுறைகளை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2024 மே 17இல் வெளியிட்டது. அதன்படி, புதுமை நடந்ததாகச் செய்தி வந்தால் ஆயர் விசாரணைக் குழு அமைத்து, சாட்சிகளைக் கேட்டு, உரோமையைக் கலந்த பின்னரே முடிவு சொல்வார். அந்த முடிவும் பொதுவாக, 'இது இறைச்செயல்' என்று அறுதியிட்டுச் சொல்வதாக இராது; பக்திக்குத் தடையில்லை என்ற அளவிலேயே நிற்கும். பணம், அதிகாரம், புகழ் தேடும் நோக்கம் தெரிந்தால் அதை எச்சரிக்கை அடையாளமாகக் கொள்ள வேண்டும் என்றும் அந்நெறிமுறை சொல்கிறது. கைப்பேசியில் வரும் காணொளிகளை மற்றவர்களுக்கு அனுப்புமுன் இந்த ஒரு வரியை நினைத்தால் போதும்.

நாம் பேசாமல் இருந்த நாள்

இனிச் சொல்வது நமக்கு எளிதல்ல. நாம் முன்பு பணிசெய்த பங்கு ஒன்றில், நாள் தவறாமல் திருப்பலிக்கு வரும் வயதான அம்மா ஒருவர் இருந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வெளியூரில் நடந்த குணமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்தார். மறுநாள் திருப்பலி முடிந்ததும், "சாமி, ஆண்டவர் தொட்டுட்டாருங்க. மாத்திரையெல்லாம் நிறுத்திப்போட்டேனுங்க" என்றார். முகமெல்லாம் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை. "செபத்தை விடாதீங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நாம் போய்ப் பார்த்தபோது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "எனக்கு விசுவாசம் பத்தலீங்க சாமி" என்றார். நம்மை இன்றுவரை உறுத்துவது அந்தச் சொல்தான். கால் விரல்களையும் இழந்து, பழியையும் அவரே சுமந்தார். விசுவாசம் பத்தாமல் போனது அவருக்கல்ல. தைரியம் பத்தாமல் போனது நமக்கு.

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியது திருச்சபையின் போதனையில் தெளிவாகவே இருக்கிறது. மருத்துவரை மதிக்கவும், மருந்தை ஒதுக்காதிருக்கவும், செபித்துவிட்டு மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. குணமளிக்கும் வழிபாடுகள் பற்றி 2000 செப்டம்பர் 14இல் உரோமை வெளியிட்ட ஏட்டில், செபிப்பது மருத்துவத்தை விலக்குவது அல்ல என்று சொல்லப்பட்டிருக்கிறது. கூச்சல், நாடகத்தன்மை, பரபரப்பு ஆகியவை அவ்வழிபாடுகளில் கூடாது. யாரேனும் சுகம் பெற்றதாகச் சொன்னால் சாட்சியத்தைத் துல்லியமாகச் சேகரித்துத் திருச்சபை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அந்த ஏடு சொல்கிறது. ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லவில்லை. நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடலாம்: சர்க்கரை நோயை மந்திர சக்தியால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆண்டவர் தொடவே மாட்டார் என்று நாம் சொல்லவில்லை. குருவாக இருக்கும் நாம் அதை எப்படிச் சொல்வோம்? தொட்டிருந்தால் சர்க்கரை அளவு அதைக் காட்டும் என்றுதான் சொல்கிறோம். தொழுநோயாளர்கள் பத்துப் பேரையும் ஆண்டவர் குருக்களிடம் போய்க் காட்டச் சொன்னாரே (லூக் 17:14). அன்றைய சட்டப்படி நோய் நீங்கியதைப் பார்த்துச் சான்று சொல்லும் பொறுப்பு குருக்களுக்குத்தான் இருந்தது.

யோபுவும் வீரமாமுனிவரும்

மீண்டும் புனித தேவசகாயத்துக்கு வருவோம். அவர் விசுவாசத்துக்கு வந்த வழி நம் பொருளோடு தொடர்புடையது. திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்த அவருக்கு அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. அவருடைய ஏன் என்ற கேள்விக்கு, டச்சுப் படைத்தலைவரான தெ லனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார்.

யோபு நூல் எப்படிப்பட்ட நூல் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். யோபு கடவுளிடம் வழக்காடுகிறார், நியாயம் கேட்கிறார். நண்பர்களோ பக்தியாகப் பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருக்கிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய் என்கிறார்கள். முடிவில் கடவுளின் சினம் நண்பர்கள்மேல் திரும்புகிறது. யோபுவைப்போலத் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர்களைக் கடிந்துகொள்கிறார் (யோபு 42:7). "விசுவாசம் பத்தவில்லை" என்று நோயாளியிடம் சொல்கிறவர்கள் அந்த நண்பர்களின் வரிசையில் வருகிறவர்கள்.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மூடநம்பிக்கையைக் கண்டு சிரிக்கத் தமிழ் உரைநடைக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் நம் இயேசு சபைக் குரு. வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய 'பரமார்த்த குருவின் கதை'யில் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். குரு சொன்னதை அப்படியே நம்புவார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று சொன்னாலும் நம்புவார்கள். தேம்பாவணி பாடிய அதே முனிவர்தான் இதையும் எழுதினார். பக்திக்காவியம் எழுதிய கை, கேள்வி கேட்காத சீடத்துவத்தைக் கேலி செய்யவும் தயங்கவில்லை. கேலிக்கு ஆளாகும் முதல் ஆள் குருதான் என்பதை, குருக்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

அந்த மாணவியிடம் இரண்டு வாரம் கழித்து இவற்றில் பாதியைச் சொன்னோம். பாவமில்லை என்று தெரிந்ததும் அவள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள்: "அப்போ பரங்கிமலைச் சிலுவைல இரத்தம் வேர்த்ததுன்னு சொல்றாங்களே, அது நெசமுங்களா சாமி?"

தெரிந்ததைச் சொன்னோம். அந்தக் கற்சிலுவை 1547இல் போர்த்துக்கீசியர் காலத்தில் மலைமீது கண்டெடுக்கப்பட்டது. அதைச் சுற்றிப் பழைய பாரசீகத்தின் பகலவி எழுத்துகள் இருக்கின்றன. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் அது வேர்த்ததாகவும், கடைசியாக 1704இல் அப்படி நடந்ததாகவும் மரபு சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே செபித்திருக்கிறார்கள். ஆனால் இது விசுவாச அறிக்கையில் வரும் செய்தி அல்ல. இதை நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். கல் எந்த வகைக் கல், மலைமேல் டிசம்பரில் ஈரப்பதம் எவ்வளவு இருக்கும் என்றெல்லாம் கேட்டாள். நமக்குத் தெரியவில்லை. மே மாதம் மறைக்கல்வி மாணவர்களைச் சென்னைக்கு அழைத்துப் போகிறோம். பரங்கிமலையும் சாந்தோமும் பட்டியலில் இருக்கின்றன. முதல் பெயராக அவள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாள்.